கயிறு கட்டிய கோலம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பெற்று, கொழுந்தனார் மகளையும் சேர்த்து ஆறு பேரை ஆளாக்கினேன். மகன் வேலையோடு தெலுங்கு நாட்டுக் குஷாய்குடாவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது; இன்னும் பழகாத ஒன்று உண்டு. விடிந்ததும் வாளியோடு கதவைத் திறந்தால் வாசற்படியை ஒட்டி யாருடைய ஸ்கூட்டராவது நிற்கும். எடுக்கச் சொன்னால், "சடக் ஹை அம்மா" என்பான், இது ரோடு, இதில் உனக்கு என்ன வேலை என்கிற மாதிரி. ஆம்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாதித் தெரு வரைக்கும் வாசல்தான். சாணி தெளித்து முடிகிற வரை மாட்டு வண்டி ஓரமாக நிற்கும். இங்கே இரண்டு சக்கரத்துக்கு நடுவில் கிடைத்த இடத்தில் ஐந்து புள்ளி வைத்துவிட்டு உள்ளே போவேன்.

எங்கள் வீடு கடைவீதியில். போன வருடம், என் மூத்தவன் வேலை பார்க்கும் கம்பெனிக்காரர்களும் கடைக்காரர்களும் கூடிப் பேசி ஒரு முடிவு செய்தார்கள். இனி அங்கே வண்டி வராது. பெஞ்சு போடுவது, சுவரெல்லாம் படம் எழுதுவது, சாயங்காலம் ஜனங்கள் வந்து உட்கார்ந்து பேசுவது என்று ஏற்பாடு. கம்பெனி வெல்டர்கள் பழைய இரும்பில் ஒரு மயில் செய்து முச்சந்தியில் நிறுத்தினார்கள். தோகை பாரம் தாங்காமல் அது முதல் நாளே பின்னால் சாய்ந்தது. மழையைப் பார்க்கிற மயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலைமை, பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் கரீம். அவருக்குத் தமிழ் பாதி தெரியும். அந்தப் பாதி எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது.

வண்டியை நிறுத்திய முதல் நாள் வியாழக்கிழமை. கதவைத் திறந்தேன், எதிர்க்கடை வரைக்கும் வெறும் தரை. பதினாறு வருடம் மடக்கி வைத்திருந்த கையை நீட்டினேன். இருபத்தொரு புள்ளி, அரிசி மாவில், ஒரு இழை பிசகாமல். கரீம் மாஸ்டர் பார்த்து, கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் காலை வாளியோடு வந்தால், கோலத்தைச் சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டியிருக்கிறது. உள்ளே மாஸ்டர் குந்திக்கொண்டு விசிறியால் எறும்புகளை விரட்டிக்கொண்டிருக்கிறார்.

"நக்கோ அம்மா! தண்ணி நக்கோ, வேணாம்!"

"நேத்துக் கோலம்யா அது. இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"இத்தினி அழகு ஏன் அழிக்கிறீங்க? ஞாயித்துக்கிழமை மேனேஜர் சாப் வர்றார், பாக்கணும்!"

என் மகனும் பின்னாலிருந்து கெஞ்சினான். "ரெண்டு நாள்தானேம்மா. எங்க மேனேஜரு. மானத்த வாங்கிடாத."

ஒத்துக்கொண்டேன். என் கைவேலையைப் பார்க்க மேனேஜர் வருகிறார் என்றதும் புத்தி கொஞ்சம் மயங்கித்தான் போனது. எல்லோரும் பின்கட்டு வழியாகப் போய் வந்தோம்.

சனிக்கிழமை காலை, பின் தெரு கனகம் கறிவேப்பிலை வாங்க வந்திருக்கிறாள். வேலூர்க்காரி. என் வாசலில் தண்ணீர் தெளிக்கவில்லை, கோலம் பழசு, கதவு சாத்தியிருக்கிறது, கம்பு நட்டுக் கயிறு கட்டி நாலு ஆண்கள் நிற்கிறார்கள். வேறென்ன நினைப்பாள்? தலைப்பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு ஓடி, ஆறு தமிழ்ப் பெண்களைக் கூட்டி வந்துவிட்டாள். தெருமுனையிலிருந்தே ஒப்பாரி. "என் ராசாத்தி அக்கா, அதிரசம் சுட்டுத் தரேன்னியே!"

கதவைத் திறந்தேன்.

"ஐயோ, இருக்கியா!" என்றாள். சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது.

"இருக்கேன். பின்னால சுத்தி வா, காப்பி குடி."

சிரித்துத்தான் அனுப்பினேன். ஆனால் அவள் போன பிறகு அந்த வாசலைப் பார்க்க எனக்கே ஒருமாதிரி இருந்தது. மங்கிக் கிடந்த மாவைப் பார்த்தால், செத்தவள் வீடு மாதிரிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கயிற்றை அறுத்தேன். முழு வாளித் தண்ணீரையும் வீசினேன். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். மாஸ்டர் கண் கலங்கிவிட்டார்.

"நீ எழுதறது நாளைக்கும் இருக்கணும் மாஸ்டர். நான் போடறது, இன்னிக்கு இந்த வூட்ல ஆளு இருக்குதுன்னு சொல்றதுக்கு. அழாம புள்ளி வையி."

வைத்தார். கோணல்தான். சத்தம் கேட்டுக் கனகம் வந்தாள். எதிர்வீட்டு யாதம்மா சுண்ணாம்புப் பொடியோடு வந்து தன் வாசலில் முக்கு, அதுதான் தெலுங்குக் கோலம், ஆரம்பித்தாள். எட்டு மணிக்குத் தெருவில் கால் வைக்க இடமில்லை. மேனேஜர் வந்து ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகக் கொக்கு நடை நடந்தார். பின்னால் பத்து ஆபீசர்கள், அதே நடை. "நாளைக்கு வீட்டம்மாவைக் கூட்டி வந்தால் இதைப் பார்க்கலாமா?" என்று கேட்டாராம்.

"நை சாப்!" என்றார் கரீம் மாஸ்டர், நெஞ்சை நிமிர்த்தி. "நாளைக்கு வேற!"

அதன் பிறகு எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் எழுதினார்: குனிந்து கோலம் போடுகிற நான். அடியில் என் பெயரைத் தெலுங்கிலும் உருதுவிலும் இங்கிலீஷிலும் எழுதிவிட்டு, தமிழுக்குப் பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. கடைசி எழுத்து சுவரோரம் இறங்கிவிட்டது. தெருவில் போகிறவர்கள் மற்ற மூன்றையும் படித்து என்னைக் கூப்பிடுகிறார்கள். நான்காவதைப் படிக்க நானும் கனகமும்தான். ஆனாலும் நாலும் நான்தான்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி வசந்தா தனக்குத் தெரிந்த தெலுங்கு எழுத்தில் எழுதியிருக்கிறாள். அவள் அப்பன் தமிழில் மாற்றித் தருவான். எங்கேடி, முதலிலிருந்து படி. நான் அதட்டின இடத்தில் நீயும் அதட்டித்தான் படிக்கணும்.