அவன் வேண்டாமெண்டு சொன்னவன்

கலியாணம் பேசி முடித்த ஆணும் பெண்ணும் தனியே நின்று கதைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைக் காவல் காக்கும் உத்தியோகம் எனக்கு எட்டு வயதில் கிடைத்தது. மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணை அவர் கோயில் வளவில் சந்திக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்கள் கதைப்பதை நான் கேட்பதில் யாருக்கும் ஆட்சேபனை இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் காது உண்டு என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுவார்கள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் எங்கள் ஊர். மாமாவுக்கு அங்கே சொந்தமாக ஒரு படகு இருந்தது. அவரோடு சின்ன வயதிலிருந்தே தொழிலுக்குப் போன கூட்டாளி ஒருவர், முந்தின வருடம் கடலில் இறந்துபோனார். இருவரும் வெடி போட்டு மீன் பிடிக்கப் போய், வெடி படகுக்குள்ளேயே வெடித்துவிட்டது. வெடியைக் கொண்டுவந்தது அந்தக் கூட்டாளிதான் என்று மாமா சொன்னார். ஊரும் அப்படியே நம்பியது. வெடி போடுவதைப் பாதர் பிரசங்கத்தில் பலமுறை கண்டித்திருந்தார். ஆகவே செத்தவருக்காக அழுதவர்கள்கூட, "தேடிக்கொண்ட சாவு" என்று ஒரு சொல்லைச் சேர்த்தே அழுதார்கள். அவருடைய தாய் அதுவரை பூசையில் முன் வரிசை வாங்கில் இருந்தவர். அதற்குப் பிறகு கோயிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் மணலில் குந்தியிருந்து பூசை கண்டார்.

மாமாவுக்குப் பேசிய பெண், தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தவர். அவர் "வாங்க, போங்க" என்று பேசுவது எனக்குப் படத்தில் கேட்பதுபோல இருக்கும். "கலியாணம் முடியும்வரை அக்கா எண்டு கூப்பிடு" என்று அம்மா சொல்லியிருந்தார். நான் முதல்நாளே மாமி என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவரும் கோயில் வளவில் இருந்தோம். நான் மணலில் சோகிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாளும் நீங்க நற்கருணை வாங்கப் போறதே இல்லையே, ஏன்?" என்று மாமி கேட்டார்.

மாமா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"வெடி என்ர. அவன் வேண்டாமெண்டு சொன்னவன். நான்தான் திரியைப் பத்தவைச்சனான். அது கைதவறி படகுக்குள்ளயே விழுந்திட்டுது. நான் கடலுக்குள்ள பாஞ்சிட்டன். அவன் அதை எடுத்து வெளிய எறியப் பாத்தவன்."

மாமி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா அவரைப் பார்க்காமல், "இனி என்னைக் கட்டமாட்டீர், என்ன?" என்றார்.

"கட்டுவேன்" என்றார் மாமி. அழுதுகொண்டே சொன்னதால் அது எனக்குக் கோபம்போலக் கேட்டது.

"ஆண்டவர் மன்னிப்பாரோ?"

"மன்னிப்பார். ஆனா அந்தம்மா இன்னும் கோயிலுக்கு வெளியதானே உக்காந்திருக்காங்க."

அதற்கடுத்த சனிக்கிழமை மன்னார் ரவுணுக்குக் கூறைச்சேலை எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். காவலுக்கு நான். பஸ் நிற்கும் இடத்துக்குப் போகாமல் மாமி கடற்கரை ஒழுங்கைப் பக்கம் திரும்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ரவுண் அங்கால இல்ல மாமி" என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒழுங்கையில் நின்ற இரண்டு கழுதைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

கூட்டாளியின் தாய் வீட்டு வேலிக்கு முன்னால் மாமா நின்றுவிட்டார்.

"என்னால ஏலாது."

"தெரியும். அதுக்குத்தான் நானும் வந்தேன்" என்று சொல்லி மாமி அவருடைய கையைப் பிடித்தார். அது சட்டத்துக்கு முற்றிலும் மாறானது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாமியின் மற்றக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தாய் முற்றத்தில் ஓலைப்பாயின்மேல் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். மாமாவைக் கண்டதும், "வா மகன், இருக்கக் கதிரை கொண்டாறன்" என்று எழும்பினார். மாமா கதிரைக்குக் காத்திருக்கவில்லை. மணலில் முழந்தாளில் விழுந்தார். பெரிய ஆண்பிள்ளை ஒருவர் முழந்தாளில் நிற்பதை நான் கோயிலுக்குள் மட்டுமே கண்டிருந்தேன். அங்கே பீடம் இருக்கும், மெழுகுதிரி இருக்கும். இங்கே வெயிலும் கருவாடும்தான். ஆனாலும் எனக்குச் சத்தமாக மூச்சுவிடப் பயமாயிருந்தது.

கோயில் வளவில் சொன்னதையே மாமா திரும்பவும் சொன்னார். தாயின் கையிலிருந்த மீன் விழுந்தது. அவர் மாமாவின் முதுகிலும் தோளிலும் தலையிலும் அடித்தார். ஒரு சொல் இல்லாமல், கை சோரும்வரை அடித்தார். மாமா தடுக்கவில்லை. இடையில் மாமியும் மாமாவுக்குப் பக்கத்தில் வந்து முழந்தாளில் இருந்தார். இரண்டு அடி அவர் மேலும் விழுந்தது. அவர் விலகவில்லை. மாமி என்ன குற்றம் செய்தார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தத் தாய் மணலில் இருந்துவிட்டார். அங்கிருந்தபடியே கேட்டார்:

"என்ர பிள்ளை கடைசியா என்ன சொன்னவன்?"

"வேண்டாமடா, அம்மாவுக்குத் தெரிஞ்சா சோறு தரமாட்டா எண்டவன்."

"என்ன சொன்னவன்?"

மாமா திரும்பச் சொன்னார்.

"சோறு தரமாட்டா எண்டவனோ?"

"ஓம் அம்மா."

"இன்னொருக்கா சொல்லு."

அந்தத் தாய்க்குக் காது கேளாது என்று நான் அன்று முடிவு செய்தேன். அதனால் அடுத்தமுறை அவர் கேட்டபோது மாமாவை முந்திக்கொண்டு நானே உரத்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று பிரிக்கமுடியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

நாங்கள் எழும்பியபோது அவர் மாமாவின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குச் சொன்னது காணாது. ஊருக்குச் சொல்லு."

மறுநாள் பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது மாமா கோயில் படியில் நின்றார். முன்னரே பாதரிடம் பேசியிருக்க வேண்டும். பாதர் ஒதுங்கி நின்று எல்லாரையும் நிற்கும்படி கையைக் காட்டினார். மாமா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். "வெடி" என்ற சொல் மட்டும் வந்தது. சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. அப்போது வேப்பமரத்தடியிலிருந்து அந்தத் தாய் எழும்பி வந்தார். சேலையில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டவில்லை. படியேறி மாமாவின் பக்கத்தில் நின்று அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்.

"சொல்லு மகன், நான் நிக்கிறன்" என்றார்.

மாமா சொன்னார். முழுவதும் சொன்னார். "அவன் வேண்டாமெண்டு சொன்னவன்" என்ற இடத்தில் அந்தத் தாய் சனத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எங்கள் ஊரில் அவ்வளவு பேர் கூடிய இடத்தில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என் கையிலே மயிர் கூச்செறிந்து நின்றது. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்தேன்.

அங்கிருந்து பொலிசுக்கு நடந்தே போனார்கள். ஒரு பக்கம் மாமி, மறுபக்கம் அந்தத் தாய், நடுவில் மாமா. அம்மா வீதியில் நின்று மாமியைத் திட்டித் தீர்த்தார். "என்ர தம்பியை மறியலுக்கு அனுப்பவோடி வந்தனீ?" என்று கத்தினார். மாமி ஒருமுறை திரும்பி அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

வழக்கு நடந்தது, மாமா மறியல் கிடைத்துச் சிறைக்குப் போனார். மாமியின் வீட்டார் வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாமி மாட்டேன் என்றார். மாமா வெளியே வந்த பிறகுதான் கலியாணம் நடந்தது. மாமாவுக்குத் தாய் இல்லாத குறைக்கு, கூட்டாளியின் தாயே அவருடைய நெற்றியில் சிலுவை போட்டுக் கோயிலுக்கு அனுப்பினார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள், முன் வாங்கில். என் அம்மா அவர்களுக்குப் பின் வாங்கில் இருந்து, மாமியின் தலையில் முக்காடு சரிந்தால் இழுத்துவிடுகிறார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. மாமா மறியலில் இருந்த காலத்தில் ஒருமுறை, அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு மாமி என்னை அழைத்துக்கொண்டு போனார். முருங்கன் தாண்டி வவுனியாவரை பஸ்ஸில் போனோம். மறியலில் மாமா உடம்பு வைத்து மொத்திப்போயிருந்தார். கம்பிவலைக்கு அப்பால் நின்று என்னைக் கேலி செய்து சிரித்தார். மாமி கொண்டுபோன செபமாலையைக் காவலாளி பார்த்துவிட்டுக் கொடுத்தபோது மாமா அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். வீட்டில் இருந்த கடைசி வருடத்தில் அவர் சிரித்ததை நான் கண்டதில்லை. இரவில் கத்திக்கொண்டு எழும்பிய மனிதர், பூட்டிய இடத்தில் நின்று சிரிக்கிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி யன்னலோரம் இருந்து அழுதார். மாமாவை விட்டுவிட்டு வருகிற கவலை என்று நினைத்து, "கவலைப்படாதேங்கோ மாமி" என்று அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தேன்.

"கவலை இல்லம்மா. போன வருசம் பூரா தொலைஞ்சிருந்தாரு. இப்பதானே கிடைச்சிருக்காரு" என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. பாவம், அழுகையில் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். போன வருடம் முழுவதும் மாமா எங்கள் வீட்டு விறாந்தையில்தானே படுத்திருந்தார்? நாங்கள் ஒன்றாகத்தானே சாப்பிட்டோம்? ஆகவே பிழையைத் திருத்துவது என் கடமை என்று பட்டது.

"இல்ல மாமி," என்று பொறுமையாக விளக்கினேன். "போன வருசம் எங்களோட இருந்தவர். இப்பத்தான் இல்ல."