சங்குக்குள் போன எறும்புகள்

அந்த மடத்தில் செல்லக்கனிக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. 'ஏன்' என்று கேட்காமல் அவளால் ஒரு வாளித் தண்ணீர்கூட இறைக்க முடியாது என்பார்கள்.

ஆறுமுகநேரி உப்பளத்தை ஒட்டிய குடிசையில் பிறந்தவள். பாத்தியில் தண்ணீராய்க் கிடப்பது எந்த நொடியில் உப்பாகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சின்ன வயதில் வரப்பின்மேல் உச்சி வெயிலில் உட்கார்ந்து, காய்ச்சல் வந்து விழுந்தாள். மந்திரித்து ஒரு தாயத்துக் கட்டினார்கள். தாயத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தாள். ஒரு சிட்டிகைச் சாம்பலும் ஒரு துண்டு நூலும் இருந்தன. காய்ச்சலுக்கு அழாதவள் அன்று வாங்கிய அடிக்கு அழுதாள்.

தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் வாந்திபேதியில் போனான். அவள் கால் ராசிதான் அவனைக் கொன்றது என்றார்கள் புருஷன் வீட்டார். "ராசி எங்காலுல இருந்தா, இதே தெருவுல இன்னும் எத்தனையோ பேரு செத்திருக்காவளே, அந்த வீட்டுக்கெல்லாம் நா எப்பப் போனேன்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் அவளை வீட்டை விட்டு அனுப்பினார்கள். நம் நாட்டில் கேள்விக்குப் பதில் இல்லாதபோது கேட்டவரைத் துரத்துவது நெடுநாள் வழக்கம்.

அப்படித்தான் அவள் அந்த மடத்துக்கு வேலைக்கு வந்தாள். கடற்கரைச் சாலையில், சங்கு குளிப்பவர்கள் சரக்குப் போட்டுவைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால், நாதியற்ற கிழடுகளுக்காக வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய தரும மடம். சமைப்பது வேறொருத்தி. எழுந்து நடமாட முடியாதவர்களைப் புரட்டிப் போடுவது, துடைத்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது செல்லக்கனி. வாரம் ஒருமுறை நகராட்சி ஆஸ்பத்திரியிலிருந்து பிளாரன்ஸ் என்ற நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஊட்டுவதில் முன்பு பெரிய தகராறு இருந்தது. உட்கார முடிந்தவர்கள் செம்பைத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துக்கொள்வார்கள். படுத்துக் கிடப்பவர் எப்படி அண்ணாந்து குடிப்பது? உதடு பட்டே தீரும். ஒருவர் எச்சில் பட்ட பாத்திரத்தில் இன்னொருவர் வாய் வைக்க மாட்டார். அதிலும் பேச்சிமுத்து இருக்கிறாரே, ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயலும் வரப்புமாய் வாழ்ந்து, பிள்ளைகள் கைவிட்டதால் இங்கே வந்து விழுந்த மனிதர், மூன்று வேளை பட்டினி கிடந்தார்.

தகராறைத் தீர்த்து வைத்தவர் மடத்தின் தலைவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி. தம் தகப்பனார் நினைவு நாளில், வாயில் வெள்ளிப் பூண் கட்டிய, பாலூட்டும் நிஜக் கடற்சங்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சங்கு தெய்வாம்சம், அதில் எச்சில் ஒட்டாது, தீட்டும் ஒட்டாது என்றார். பேச்சிமுத்து மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தார். அன்றிலிருந்து ஒரே சங்கு ஒவ்வொரு வாயாகப் போய் வந்தது. ஊட்டி முடிந்ததும் லேசாகத் தண்ணீர் விட்டு அலசி, பட்டுத் துணியால் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துச் சாமி மாடத்தில் நிறுத்தி வைப்பாள் செல்லக்கனி. வைக்கும் முன் ஒருதரம் காதில் வைத்துக் கேட்பாள். கடல் இரையும். கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு சங்குக்குள் கடலைக் கேட்பது அவளுடைய ஒரே பொழுதுபோக்கு. உலகத்தில் அவள் ஏன் என்று கேட்காமல் விட்ட பொருள் ஒன்று உண்டென்றால், அது அந்தச் சங்குதான்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தக் கோடையில் முப்பிடாதி வந்தார். முப்பது வருஷம் துறைமுகத்தில் உப்பு மூடை சுமந்து, இடுப்பு முறிந்து, மடத்து வாசலில் விழுந்து கிடந்தார். சேரியில் பிறந்தவர். உள்ளே விடக்கூடாது என்றார்கள். நர்ஸ் பிளாரன்ஸ் விடாப்பிடியாக நின்றதால் வெளியே விறகு போடும் சாய்ப்புக் கொட்டகையில் ஒரு பாய் கிடைத்தது. கஞ்சிக்குச் சங்கு கிடையாது, செம்பு கிடையாது. தேங்காய்ச் சிரட்டை. குடித்து முடித்ததும் அதை அடுப்பில் போட்டுவிட வேண்டும், அடுத்த வேளைக்கு வேறு சிரட்டை. அவர் வாய் பட்டதில் இன்னொரு வாய் படக்கூடாதாம்.

அவர் வந்து கொஞ்ச நாளில் உள்ளே சீதபேதி கிளம்பியது. படுக்கையில் கிடந்தவர்கள் வரிசையாக ரத்தமும் சளியுமாகப் போனார்கள். ஒரு கிழவி செத்துப் போனாள். பேச்சிமுத்து துவண்டு கிடந்தாலும் அவர் வாய் மட்டும் துவளவில்லை.

"அந்தப் பய உள்ள நுழைஞ்ச அன்னைக்கே சொன்னேன், கேட்டியளா? தீட்டு உள்ள வந்துட்டு. அவன வெரட்டினாத்தான் இந்தச் சீக்கு வெளியேறும்."

சங்கரபாண்டியன் அண்ணாச்சி வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார். முப்பிடாதி பிறந்த ஊர் வேம்பார். அங்கே அவருக்கு ஒருவரும் மிச்சமில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை காலை கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், வேம்பாருக்குப் போகும், பெட்ரோல் பஞ்சத்தில் கரியால் ஓடிய பஸ்ஸில் போட்டுவிடுவது. உட்காரவே முடியாத மனிதரைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

செல்லக்கனி சாய்ப்புக்குப் போனாள்.

"பாட்டா, ஒமக்கு வயித்துல ஒண்ணும் செய்யலியா?"

"என்னப் போயி பாட்டாங்கியே, தாயி! எவனாவது கேட்டா ஒன்னியும் சேத்து அனுப்பிருவான்." முப்பிடாதி சிரித்தார். "கல்லத் தின்னாலும் செரிக்கி. எமனுக்கும் தீட்டு போல, என்னத் தொட மாட்டேங்கான்."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அது செல்லக்கனியை உறங்க விடவில்லை. நோயைக் கொண்டு வந்தவர் என்று யாரைத் துரத்துகிறார்களோ அவருக்கு நோயே இல்லையே! தண்ணீர் காரணமா? அதே கிணறு, அதே பானை. கஞ்சி? அதே உலை. ஈயா? சாய்ப்புக்குப் பக்கத்தில்தான் சாக்கடை, ஈ அங்கேதான் அதிகம். படுத்துக் கிடப்பதா? உட்கார முடிந்தவர்களுக்குப் பேதி இல்லைதான், ஆனால் அவரும் படுத்துத்தான் கிடக்கிறார்.

ஒருவேளை சிரட்டையில்தான் ஏதாவது மருந்துச் சத்து இருக்கிறதோ? இதை அவள் மறுநாள் வந்த பிளாரன்ஸிடம் கேட்டாள்.

பிளாரன்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மருந்தா? அப்பிடின்னா ஆஸ்பத்திரியில சீசாவுக்குப் பதிலா தேங்காய்லா அடுக்கி வச்சிருப்போம்! இங்க பாரு, பேதி வாய் வழியாத்தான் வரும். சீக்காளிய தொட்ட கையாலயும் வரும். மலம் அள்ளின கைய சோப்புப் போட்டுக் கழுவு, சோப்பு கெடைக்கலியா, சாம்பலப் போட்டுத் தேயி. பாத்திரத்த எல்லாம் கொதிக்க வைக்கச் சொன்னேன்லா, செஞ்சியா?"

"எல்லாத்தையும் கொதிக்க வச்சேன்க்கா. குண்டான், செம்பு, அகப்பை, ஒண்ணு விடல."

பொய்யில்லை. சங்கை அவள் பாத்திரமாகவே நினைக்கவில்லை. பிளாரன்ஸுக்கோ அப்படி ஒரு சங்கில் ஊட்டுகிறார்கள் என்பதே தெரியாது. மாதா கோயிலுக்குப் போகிறவள், பிறர் சாமி மாடத்துப் பக்கம் மரியாதைக்காகவே போவதில்லை. மாடத்தில் சந்தனப் பொட்டோடு ஒரு சங்கு இருந்தால் பூசைச் சங்கு என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

வியாழக்கிழமை காலை. ஊட்டி முடித்து, அலசி, துடைத்து, வழக்கம்போலச் சங்கைக் காதில் வைத்தாள் செல்லக்கனி. கடல் இரைந்தது. அதோடு சில்லென்று ஒரு சொட்டு காது மடலில் விழுந்தது. விரலால் தொட்டு மோந்தாள். நாள்பட்ட புளித்த கஞ்சியும் செத்த மீனும் கலந்ததுபோல ஒரு நாற்றம்.

இப்போதுதான் அலசினோம், இது எங்கிருந்து வந்தது?

தென்னை ஈர்க்கு ஒன்றை உள்ளே விட்டாள். கொஞ்ச தூரம் போய், சங்கு சுழிகிற இடத்தில் முட்டி நின்றது. அதற்கு அப்பால் உள்ளே எவ்வளவு போகிறது, அங்கே என்ன இருக்கிறது, யாருக்குத் தெரியும்? கொண்டுபோய் வெயிலில் மதில் மேல் வைத்தாள். சற்று நேரத்தில் எறும்பு வரிசை ஒன்று மதிலேறி வந்து வெள்ளிப் பூணைத் தாண்டி உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓர் எறும்பு வெளியே வந்தது. அதன் வாயில் வெள்ளையாக என்னமோ இருந்தது.

செல்லக்கனி வெயிலிலேயே நின்றாள். சிறுமியாய் உப்பு விளைவதைக் காணக் காத்திருந்தாளே, அதைப்போல. வித்தியாசம், அன்று காண நினைத்தது கண்ணில் படவில்லை, இன்று பட்டுவிட்டது. ஒவ்வொரு வாயாக, வேளை தவறாமல், இதே கையால்தானே ஊட்டினோம் என்ற நினைப்பு வந்தபோது கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். அன்று மத்தியானமும் ராத்திரியும் ஒருவருக்கும் அந்தச் சங்கில் ஊட்டவில்லை. கொதிக்க வைத்த அகப்பையால் கொஞ்சம் கொஞ்சமாய் வாயில் படாமல் விட்டாள். பாதி சிந்தியது. பேச்சிமுத்து வைதார்.

வெள்ளிக்கிழமை கட்டை வண்டி வாசலில் வந்து நின்றது. அண்ணாச்சியும் வந்தார். வண்டிக்காரன் சாய்ப்புப் பக்கம் நகரும்போது செல்லக்கனி குறுக்கே வந்தாள். கையில் சங்கு.

"அண்ணாச்சி, அவரத் தூக்குததுக்கு முன்ன இத ஒருக்க மோந்து பாருங்க."

"ஏளா, என்ன இது, கிறுக்குப் புடிச்சிட்டா? சாமி சங்க மோந்து பாக்கச் சொல்லுத!"

"சாமி சங்குன்னா சந்தனம்லா மணக்கணும்? மோந்துதான் பாருங்களேன்."

"எங்கய்யா நெனப்பா வாங்கி வச்சது அது. கொண்டுபோயி மாடத்துல வையி. ஏலே, நீ என்ன வேடிக்க பாக்க? அந்த ஆளத் தூக்கு."

செல்லக்கனி திரும்பி நடந்தாள். கூடத்து வாசலருகே கிடந்த அம்மிமேல் சங்கை வைத்தாள். குழவியைத் தூக்கி ஓங்கிப் போட்டாள். முதல் அடிக்கு வெள்ளிப் பூண் தெறித்தது. "ஐயோ!" என்று அண்ணாச்சி பாய்ந்து வருவதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்துவிட்டது. சங்கு பிளந்து விரிந்தது.

வெளியே பால் வெள்ளையாய் இருந்த சங்கு உள்ளே சாம்பலும் கறுப்புமாய்ப் பிசுபிசுத்துக் கிடந்தது. என்றைக்கோ ஊட்டிய கஞ்சி, என்றைக்கோ ஊட்டிய பால். சுழியின் கடைசி மடிப்பில் புழு நெளிந்தது. நாற்றம் கூடம் முழுக்கப் பரவிற்று. வண்டிக்காரன் தலைத்துண்டை அவிழ்த்து மூக்கைப் பொத்தினான்.

"படுத்துக் கெடக்கவுகளுக்குத்தான் பேதி. இதுல குடிச்சவுகளுக்குத்தான் பேதி," என்றாள் செல்லக்கனி. "அந்தப் பாட்டாவும் படுத்துத்தான் கெடக்காரு. அவரு வாயில இது படவே இல்ல. அவருக்கு நீங்க குடுத்தது வேளைக்கு ஒரு புதுச் சிரட்டை. கேவலப்படுத்தணும்னு குடுத்தீய, அது அவரக் காப்பாத்திட்டு. மரியாதை பண்ணணும்னு இவுகளுக்குச் சங்கு குடுத்தீய. நானும் ஊட்டினேன். இப்பச் சொல்லுங்க, யார வண்டியில ஏத்தணும்?"

அண்ணாச்சி கீழே கிடந்த வெள்ளிப் பூணைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "ஒன்னத்தான் ஏத்தணும். எங்கய்யா பேர ஒடச்சு அம்மியில வச்சிட்டு என்னையே கேள்வி கேக்கியா? அவங்கூட நீயும் ஏறு!"

அப்போது கூடத்திலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. பேச்சிமுத்து. அவர் கட்டிலிலிருந்து அம்மி நன்றாகத் தெரியும். ஓங்கரித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மெலிந்த குரலில் சொன்னார்:

"அண்ணாச்சி, அவள அனுப்புததா இருந்தா என்னையும் தூக்கி அதே வண்டியில போடுங்க. இங்க கெடந்தா அடுத்து என்னத்துல ஊட்டுவியளோ!" பிறகு செல்லக்கனி பக்கம் திரும்பினார். "ஏளா, சி.ஐ.டி.! அந்தச் சிரட்டையில புதுசு இன்னும் இருக்கா?"

"எதுக்கு?"

"எதுக்கா? தொண்ட காயுது. எனக்கும் அதுல ஊத்து."

சாய்ப்புக்குள்ளிருந்து முப்பிடாதி சிரிக்கும் சத்தம் கேட்டது. "சாமி, குடிச்சிட்டு மறக்காம அடுப்புல போடச் சொல்லும்! ஒம்ம வாய் பட்டது எனக்கு ஆகாது."

வண்டிக்காரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேச்சிமுத்துவே சிரித்துவிட்டார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அம்மியண்டை வந்தார். குனிந்து ஒரு சங்குத் துண்டை எடுத்தார், மூக்கருகே கொண்டுபோனார், சட்டென்று கீழே போட்டார். "வண்டிய ஓட்டிட்டுப் போலே," என்றார் வண்டிக்காரனிடம். வாசலைப் பார்த்து நடந்தார்.

அதன்பின் எல்லோருக்கும் சிரட்டைதான். தேங்காய் உடைக்கிற வீடு வீடாய்ப் போய்ச் செல்லக்கனி சிரட்டை வாங்கி வந்தாள். கையைச் சாம்பல் போட்டுக் கழுவாமல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போவதில்லை. பிளாரன்ஸ் வந்து விவரம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "மாடத்துல இருந்துச்சே, நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!" என்றாள். சீதபேதி ஒவ்வொருவரையும் விட்டு இறங்கியது. பேச்சிமுத்து பழையபடி கஞ்சியில் உப்புக் குறை சொல்லத் தொடங்கினார்.

கொஞ்ச நாளில் அண்ணாச்சி கடையிலிருந்து புதுப் பித்தளை டம்ளர்கள் வந்தன. ஆளுக்கு ஒன்று, கலந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு அடையாளம் கீறியிருந்தது. செல்லக்கனி எண்ணிப் பார்த்தாள். கட்டில்களுக்குச் சரியாய் இருந்தது. சாய்ப்புக்கு இல்லை.

"அவருக்குத்தான் சிரட்டை இருக்கே," என்றான் கொண்டுவந்தவன்.

செல்லக்கனி டம்ளர்களைச் சாக்கோடு கட்டித் திருப்பி அவன் தலையிலேயே ஏற்றினாள். "டம்ளருன்னா எல்லாருக்கும் டம்ளரு. சிரட்டைன்னா எல்லாருக்கும் சிரட்டை. அண்ணாச்சிட்ட சொல்லு, இங்க சிரட்டைக்குப் பஞ்சமில்ல."

முணுமுணுத்தவர்கள் உண்டு. மடத்து வரலாற்றில் இல்லாத அடாவடி என்றார்கள். அண்ணாச்சி ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு அதே சாக்கு மூட்டை திரும்பி வந்தது. இந்தத் தடவை ஒரு டம்ளர் கூடுதலாக இருந்தது.

செல்லக்கனி அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, கஞ்சி ஊற்றி, சாய்ப்புக்குக் கொண்டுபோனாள். முப்பிடாதி உடனே வாங்கவில்லை. தலையைச் சாய்த்து டம்ளரின் அடியைப் பார்த்தார், வாயைப் பார்த்தார்.

"உள்ள சுழி கிழி ஒண்ணும் இல்லியே, தாயி?"

"நல்லாப் பாத்துக்கிடும், பாட்டா. நேர் குழாயி."

"சிரட்டைன்னா கை சுடாது. இது சுடுமே," என்று குறைபட்டுக்கொண்டே, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, உதட்டில் வைத்துக் குடித்தார்.