நிக்கல் குழாயில் வைத்த பொட்டு

மரக்காணம் உப்பளத்தில் உப்புநீர் காய்ச்சும் தொட்டிக்குப் புதுக் குழாய் போட்டார்கள். எவர்சில்வர் குழாயை உப்பு இரண்டே வருஷத்தில் பொத்தலாக்கிவிட்டது. புதுசு நிக்கலும் செம்பும் கலந்தது. நான் ஓய்வுபெற்ற வெல்டிங் பரிசோதகன் என்பதால் முதலாளி பார்த்துவிட்டு வரச் சொன்னார். நான் போவதற்குள் வெல்டர் ஓர் இணைப்பை முடித்திருந்தான். மீதி ஐந்து. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், குங்குமத்தோடு மும்மூன்று பொட்டு. பதினைந்து. தனியாக எடுத்த முதல் வேலை என்று அவன் மனைவி வைத்தது.

"முடிச்சதுலயும் பொட்டு இருந்துதா?"

"இருந்துது சார். கையால தொடச்சிட்டுத்தான் வெல்டு அடிச்சேன்."

இரும்பு கொஞ்சம் அழுக்கைப் பொறுக்கும், நிக்கல் பொறுக்காது. கந்தகமோ ஈயமோ துளி சேர்ந்தாலும், மற்றதெல்லாம் உறைந்த பிறகு அது மட்டும் உள்ளே உருகிய படலமாக நிற்கும். உலோகம் ஆறிச் சுருங்கும்போது அங்கே பிளக்கும். குங்குமத்தில் என்னென்ன கலக்கிறார்களோ, யார் கண்டது?

"சாமி பொட்டையே சந்தேகப்படறீங்களே சார்!" என்று அவன் சிரித்தான்.

பக்கத்தில் நின்ற அவன் மனைவி சிரிக்கவில்லை. "வெடிச்சிருந்தா வேலைய பாண்டிச்சேரி ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இவரு ஆயுசுக்கும் என்னையே சொல்லிக்காட்டுவாரு."

முடித்த இணைப்பின் மேல் சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு தெளித்தேன். வெடிப்பு இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் கசியும். பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும். அதற்குள் நான்கு தடவை குனிந்து பார்த்தேன்.

கசிந்தது. கடுகளவு, நட்சத்திரம் மாதிரி.

"பொட்டு எங்கம்மா வெச்சே?"

மேல்பக்கத்தைக் காட்டினாள். நட்சத்திரம் அடியில், வெல்ட் முடிந்த இடத்தில் இருந்தது.

"முடிக்கறப்போ வெல்டிங் டார்ச்ச வெடுக்குனு எடுத்திருக்கேப்பா. கடைசிக் குழிய நிரப்பாம விட்டா இப்படித்தான். அத மட்டும் தேய்ச்சு நிரப்பு, போதும்."

"கேட்டுக்கினீங்களா? சாமி மேல தப்பில்ல. உங்க அவசரம்!" என்றாள் அவனிடம்.

பொட்டால் தப்பே வராது என்று நான் சொல்லவில்லையே என்று வாயெடுத்தேன். அவள் அதற்குள் அழுக்கு நீக்கும் அசிட்டோன் நனைத்த துணியால் மீதிப் பதினைந்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் தேய்த்தான், நிரப்பினான், டார்ச்சை மெல்ல விலக்கினான். மறுபடியும் சாயம், வெள்ளைப் பூச்சு. இந்தத் தடவை அவளும் என் பக்கத்தில் குனிந்தாள்.

"ஒண்ணும் வரலியே சார்?"

"இன்னும் நேரம் ஆகலம்மா," என்றேன்.

பத்து நிமிஷம் எப்போதோ ஆகியிருந்தது; வெள்ளையில் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் நிமிர மனம் வரவில்லை.