ஜலஜாவின் மங்கு

என் அக்கா ஜலஜாவுக்குக் கன்னத்தில் மங்கு விழுந்தது கிரீஷ் பிறந்த வருஷம். இரண்டு கன்னத்திலும் பழுப்பாக, ஓரம் கலைந்த மாதிரி இருக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கு வருவதுதான், தானே போய்விடும் என்றார்கள். போகவில்லை. முப்பது வருஷமாக அது அங்கேயே இருந்தது, அவளும் அதைச் சட்டை செய்யாமல் இருந்தாள். அதை எதற்காகத் தொட வேண்டும் என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன். கேட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை.

கல்கத்தா டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கணக்குப் பிரிவில் ரிடையர் ஆனவள் அவள். டாக்குரியா வீட்டிலிருந்து பஸ். வெயில் அடிக்கிற ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தாலும் உட்கார்ந்துவிடுவாள். முகம் கறுக்காதா என்று கேட்டால், நின்றுகொண்டு போவதற்கு மங்கே தேவலை என்பாள். வங்காளிகள் மங்கை மேச்சேதா என்பார்கள். மாடி வீட்டு வங்காளி அம்மாளை பௌதி, அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம், அவள் வாரத்துக்கொரு வைத்தியம் கொண்டுவருவாள். மசூர் பருப்பை அரைத்துப் பூசச் சொன்னாள் ஒரு தடவை. அக்கா அதை அரைத்து, இஞ்சியும் மிளகாயும் சேர்த்து அடையாக வார்த்து, பௌதிக்கே இரண்டு அனுப்பிவைத்தாள்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். கிரீஷ் கல்யாணத்தில் மேடையில் நின்று, அவன் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் நம் ஜனங்கள் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் அக்காதான் ஆரத்தி கரைப்பாள், சீர்த் தட்டு அடுக்குவாள், ஊஞ்சலுக்குப் பச்சைப்பிடி உருண்டை சுற்றிப் போடுவாள். எல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு. தன் பிள்ளைக்கென்று அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை வாங்கி, ஒரு தடவைகூடக் கட்டாமல் வைத்திருந்தாள். கிரீஷுக்குப் பெண் அமைவதற்கு மூன்று வருஷம் முன்பே வாங்கிய புடவை அது.

பெண் அவனாகவே பார்த்துக்கொண்டது. பியாலி, அவனோடு செக்டர் ஃபைவில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நல்ல பெண், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் நம் முறைப்படி முகூர்த்தம், சாயங்காலம் அவர்கள் முறை, எல்லாம் ஒரே மண்டபத்தில் என்று முடிவாயிற்று. வைசாக மாதத்தில், நம் சித்திரையில், தேதி. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் கிரீஷ் அந்தப் பரிசைக் கொண்டுவந்தான். வங்காளி வருஷம் முடிகிற சைத்ர மாசத்துத் தள்ளுபடி நடக்கிற சமயம். கரியாஹாட் கடைத்தெரு பூராவும் பெட்டிக்கோட்டையும் தலையணை உறையையும் கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சரும க்ளினிக்கும் தன் பங்குக்குத் தள்ளுபடி போட்டிருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பாக்கேஜ், மாப்பிள்ளைக்கு ஒன்று, மாப்பிள்ளையின் அம்மாவுக்குக்கூட ஒன்று. போட்டோவெல்லாம் பெரிசாக எடுப்பார்கள், க்ளோஸப்பில் எல்லாம் தெரியும், உனக்காகத்தான் அம்மா என்றான். உனக்காக என்று அவன் சொன்னதை அக்கா அப்படியே நம்பினாள். நான் நம்பவில்லை. நிச்சயதார்த்தத்தன்று பியாலியின் அத்தை ஒருத்தி, உங்கம்மா முகத்தில் அது என்ன வியாதியா என்று அவனைக் கேட்டது என் காதிலும் விழுந்திருந்தது.

நானும் கூடப் போனேன். பாலிகஞ்சில் என் வீட்டிலிருந்து கரியாஹாட் நடந்து போகிற தூரம்தான். உள்ளே எல்லாம் வெள்ளை வெளேரென்று, ஏ.ஸி. குளிர். டாக்டர் என்று சுவரில் ஒரு பெயர் இருந்தது, ஆளைக் கடைசிவரை பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், முகத்தில் அமிலம் மாதிரி ஒரு திரவத்தைத் தடவி மேல்தோலை உரித்தெடுப்போம், அதற்குப் பீல் என்று பெயர், உள்ளேயிருந்து புதுத் தோல் வரும் என்றாள். முகத்துக்கு என்னென்ன உபயோகிக்கிறீர்கள் என்று கேட்டாள். அக்கா, எதுவுமே கிடையாது, பவுடர்கூடப் போடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னாள். அவள் பொய் சொல்கிற ஜாதியில்லை. அவள் வரையில் அது உண்மை.

முதல் தடவை நன்றாகத்தான் ஆயிற்று. நாலைந்து நாள் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்து, கன்னம் லேசாகத் தெளிந்தது. பௌதி தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்து வயசு குறைந்துவிட்டது என்றாள். அக்கா கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்தாள். முப்பது வருஷம் அதைப் பற்றி நினைக்காதவள், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, குளியலறை வெளிச்சத்தில் ஒரு தடவை என்று பார்த்துக்கொண்டாள். இல்லாத ஒரு ஆசையை இந்த வயசில் அவளுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்களே என்று எனக்கு இருந்தது.

கல்யாணத் தேதி நெருங்குகிறது என்று இரண்டாவது பீலைச் சீக்கிரமாகவும் கொஞ்சம் அதிக வீரியத்துடனும் வைத்தார்கள். வெயிலில் போகக் கூடாது, தேய்க்கக் கூடாது, நாங்கள் கொடுக்கிற க்ரீமைத் தவிர வேறெதுவும் முகத்தில் படக் கூடாது என்றாள் அந்தப் பெண். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை.

அத்திம்பேர் நடராஜனுக்குப் போன வருஷம்தான் இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் நடந்திருந்தது. அன்றிலிருந்து அக்கா ஒரு வெள்ளியும் தவறாமல், குளியலறையில் இருக்கும் சின்னக் கல்லில் மஞ்சள் கிழங்கை உரைத்து, முகத்திலும் காலிலும் அழுத்தித் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவாள். அது அவளுக்கு முகப்பூச்சு இல்லை. புருஷன் உயிரோடு இருப்பதற்காகச் செய்கிற காரியம். க்ளினிக்கில் கேட்டபோது அது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. அந்தப் பெண் கூடாது என்று சொன்னதிலும் அக்கா இதைச் சேர்க்கவில்லை. உரித்த தோலில் மஞ்சளைத் தேய்த்துக் குளித்தாள். எரிந்ததாம். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தாளாம். பிறகு முதல் பத்திரிகையை அம்பாள் காலடியில் வைக்க வேண்டுமென்று அத்திம்பேரோடு காளிகாட் போய், சைத்ர மாசத்து வெயிலில், செருப்பில்லாமல், வரிசையில் நின்றாள்.

சாயங்காலம் முகம் சிவந்து வீங்கியது. ஒரு வாரத்தில் சிவப்புப் போய்க் கறுப்பு வந்தது. கன்னத்தோடு நிற்காமல் நெற்றி, மேலுதடு, தாடை என்று திட்டுத் திட்டாக, அடிப்பிடித்த பால் மாதிரி. பழைய மங்கு இதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை.

க்ளினிக்கில் போய்ச் சண்டை போட்டேன். மஞ்சள் தேய்த்தது உங்கள் அக்கா குற்றம் என்று முடித்துக்கொண்டார்கள். அவசர அவசரமாக வீரியத்தைக் கூட்டியது யார் குற்றம் என்றேன். அதற்குப் பதிலாக, கறுப்பைச் சரிசெய்ய இன்னொரு பாக்கேஜ் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். நான் கத்தின கத்தலில் கீழே புடவைக் கடைக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். பிறகு பாலிகஞ்சில் ஒரு நிஜமான தோல் டாக்டரிடம் காட்டினோம். நம்முடைய நிறத்துக்குத் தோலை அவசரப்படுத்தவே கூடாது என்றார். வெயில் படாமல், சன்ஸ்க்ரீன் போட்டுக்கொண்டு சும்மா விட்டால் ஆறேழு மாசத்தில் கறுப்பு மங்கிவிடும், அதுவரை யாரையும் தொட விடாதீர்கள் என்றார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

நான் அக்காவிடம், கறுப்போ சிவப்போ, நீ மேடையில் நில்லு, யார் என்ன சொல்கிறார்கள் பார்க்கிறேன் என்றேன். நிற்கத்தான் போகிறேன், அவனுக்கு நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா என்றாள். தைரியமாகத்தான் இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ராஜார்ஹாட்டில் தனியாக ஃப்ளாட் எடுத்திருந்த கிரீஷ் வந்தான். அக்கா தோசை வார்த்துப் போட்டாள். சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் டவலைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அம்மா, ஷோனோ, கேளேன், பியாலி ஆத்துல ஒரு ரூல் இருக்கு. பையனோட அம்மா கல்யாணத்தைப் பாக்கக் கூடாதாம். அவ பாட்டிக்கு அதுல ரொம்ப நம்பிக்கை. நாம அதை ஃபாலோ பண்ணினா அவாளுக்குச் சந்தோஷமா இருக்கும்."

அந்த வழக்கம் வங்காளிகளிடம் உண்டுதான். பெற்றவள் கண்ணே பிள்ளைக்குப் பட்டுவிடுமோ என்று பயந்த தாய்மார்கள் வீட்டோடு இருந்துவிடுவார்கள். பிள்ளைமேல் இருக்கிற பிரியத்தில் வந்த வழக்கம் அது. அதே வழக்கத்தில், கல்யாணம் முடிந்து வரவேற்பு மாப்பிள்ளை வீட்டில்தான், அதில் அம்மாதான் முக்கியம். அந்தப் பாதியை இவன் எடுத்துக்கொள்ளவில்லை. வரவேற்பும் அன்றைக்கே மண்டபத்திலேயே முடிந்துவிடும் என்றான்.

காலையில நடக்கறது நம்மாத்து முகூர்த்தம்டா, அதுக்கு எதுக்கு அவாத்து ரூல் என்று நான் பாய்ந்தேன். சித்தி, நீங்க அம்மா இடத்துல நின்னுடுங்கோளேன் என்றான். அவனை அறையாமல் விட்டது இன்றைக்கும் எனக்குக் குறைதான். அத்திம்பேர் முப்பத்தைந்து வருஷம் பாங்கில் ஊரார் கடனையெல்லாம் கேள்வி கேட்டவர். அன்றைக்கு வாயில் கொழுக்கட்டையோடு செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, "சரிடா, அவா மனசு நோகப்படாது" என்றாள்.

இரண்டு நாள் கழித்து பியாலி சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தாள். நானும் இருந்தேன். அக்கா முகத்தைப் பார்த்து முதலில் திடுக்கிட்டாள், அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வங்காளியில் சொன்னாள்: எங்கள் வீட்டில் இப்போது யாரும் அந்த வழக்கத்தைப் பார்ப்பதில்லை, பாட்டிகூட விட்டுவிட்டாள். எங்கள் முறைக்கு மரியாதை செய்ய வேண்டுமென்று நீங்களே ஆசைப்படுவதாக கிரீஷ் சொன்னான். ஆனால் நீங்கள் வராமல் எங்களுக்கு என்ன கல்யாணம், தயவுசெய்து வாருங்கள் மா.

உள்ளதைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா எனக்கு முந்திக்கொண்டு, ஆமாம், நான்தான் சொன்னேன், என் வேண்டுதல் அது, தடுக்காதே என்று வங்காளியிலேயே சொல்லி, அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பியாலி போன பிறகு நான் அக்காவைப் பிடிபிடியென்று பிடித்தேன். அந்தப் பெண் காலில் விழாத குறையாக அழைக்கிறாள், நீ எதற்கு அவனுக்காகப் பொய் சொல்கிறாய் என்றேன்.

"நான் நிஜத்தைச் சொன்னா, அவனைப் பத்தி அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுபோயிடுமே, வித்யா" என்றாள்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் எல்லாரும் கிளம்பினார்கள். கிரீஷ் நமஸ்காரம் செய்தான். நிமிர்ந்தபோது அவள் நெற்றிக்கு மேலே பார்த்துக்கொண்டு நிமிர்ந்தான். மேடையில் அத்திம்பேரின் தங்கை ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்து நின்றாள். நான் போகவில்லை. அக்கா போ போ என்றாள், மாட்டேன் என்றேன்.

முகூர்த்த நேரத்துக்கு என் போனில் மண்டபத்திலிருந்து நேரடியாகப் படம் வந்தது. நாயனம் கேட்டது. அக்கா அடுக்களையில் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாரேன் என்று போனை நீட்டினேன். "வேண்டாம்டி. அம்மா பாக்கப்படாதுங்கறதுதானே ரூல்" என்றாள். கெட்டிமேளம் அடித்தபோது கத்தியைக் கீழே வைத்து, ஈரக்கையோடு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டாக்டர் சொன்னது நடந்தது. மழைக்காலம் போய் துர்கா பூஜை வருவதற்குள் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, பழைய மங்கு மட்டும் நின்றது. மஞ்சளைக் காலோடு நிறுத்திக்கொண்டாள். கண்ணாடி பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள்.

அஷ்டமியன்று கிரீஷும் பியாலியும் ராஜார்ஹாட்டிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். சூட்கேஸ் கனம் இருந்தது அது. அக்கா மடியில் வைத்துப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நடுவில், இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு குடும்பப் படம் ஒன்று. கிரீஷ், பியாலி, அத்திம்பேர். அத்திம்பேருக்குப் பக்கத்தில், அரக்குப் பட்டுப்புடவையில், அக்கா. அத்திம்பேர் ரிடையர் ஆனபோது எடுத்த ஏதோ படத்திலிருந்து முகத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் புடவை கட்டிவிட்டு, மேடையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு புள்ளி மங்கு இல்லை.

"பாரும்மா, உன்னை நாங்க விட்டுடலே. நான்தான் ஸ்பெஷலாச் சொல்லிப் போட வெச்சேன்" என்றான் கிரீஷ். அவன் குரலில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது.

பியாலி பக்கத்தைத் திருப்பக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையை மெல்ல நகர்த்திவிட்டு, படத்தில் இருந்தவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அழகா இருக்கா. இவளாவது வந்தாளே" என்றாள்.

கிரீஷ் சிரித்தான். பியாலி சிரிக்கவில்லை.