கேட்காமல் போன கம்பி

ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குக் கிட்டார் வாசிக்கிறேன். ஒரு ஞாயிறு காணிக்கைப் பாட்டின்போது மற்றக் கம்பிகளின் சத்தமெல்லாம் ஸ்பீக்கரில் வந்தது. ஆகத் தடித்த கம்பியின் சத்தம் மட்டும் வரவில்லை. அழுத்தி மீட்டினேன். கிட்டார் சாய்ந்திருந்த நெஞ்சில் அதிர்வு தெரிந்தது, காதுக்கு எதுவும் எட்டவில்லை. சுற்றிப் பார்த்தேன். பாடுகிறவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் குறை தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு என் வயதில்தான் காது போனது. முதலில் பஸ் வருவது கேட்கவில்லை என்றார். பிறகு நாங்கள் கூப்பிடுவது. கடைசி வருடங்களில் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் சொல்லவில்லை. கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே பயம். மொபைலை இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மனைவி பின்னாலிருந்து பேசினால் பாதி வார்த்தை விழவில்லையோ என்று சந்தேகம். வேலைக்குப் போகும் வழியில் ஒரு லாரி உரசுகிறாற்போல் கடந்து போனது. அது ஹாரன் அடித்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. பைக்கை ஓரங்கட்டி, அடுத்த வண்டியின் ஹாரன் கேட்கிறதா என்று நின்று பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவளும் பாட்டுக்குழுவில் பாடுகிறவள்.

“தடிக் கம்பியா? எங்களுக்குந்தாங்க கேக்கல. நீங்க வேணும்னுதான் மெதுவா வாசிக்கிறீங்கன்னு நெனச்சோம்.”

“எனக்காகச் சொல்லாத.”

“ஒங்களுக்காகப் பொய் சொல்லி என்ன ஆகப்போவுது? கழட்டிப் பாருங்க.”

கம்பிகளைக் கழற்றிவிட்டு, அவை ஏறிப்போகும் வெள்ளைப் பட்டையான சேடிலைக் குறடால் இழுத்தேன். பாதியில் இறுகி நின்று, பிறகு வந்தது. அடியில் பள்ளத்துக்குள் மெல்லிய நாடாபோல் பிக்கப் கிடந்தது. சேடில் அதன்மேல் அழுந்தி உட்கார்ந்தால்தான் ஸ்பீக்கருக்குச் சத்தம் போகும். சேடிலின் அடியை ஸ்டீல் ஸ்கேலில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். தடிக் கம்பிப் பக்கம் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. அந்த ஓரம் பிக்கப்பைத் தொடவே இல்லை.

அப்போதும் பயம் விடவில்லை. கிட்டாரும் கெட்டிருக்கலாம், காதும் கெட்டிருக்கலாம் அல்லவா. கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலைச் சாயாமல் பிடித்துத் தேய்த்தேன். வெளிச்சக் கீற்று மறைந்தது. பள்ளத்துத் தூசியைத் துடைத்து, பிக்கப்பை நேராகக் கிடத்தி, சேடிலை இறக்கி, கம்பிகளை மாட்டி, காதை நம்பாமல் மொபைல் ட்யூனரைப் பார்த்துச் சுருதி சேர்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் போட்டு வாசிக்கத்தான் தைரியம் வரவில்லை.

“நீயே மீட்டு. நான் அந்த ரூம்ல இருக்கேன்.”

ஆம்ப்ளிஃபயரை உள்ளறையில் வைத்து, நீள ஒயரால் இணைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்தேன். நெஞ்சில் அதிர்வு படக்கூடாது. காது மட்டுமே சொல்ல வேண்டும்.

“மீட்டவாங்க?”

“இரு.” கண்ணை மூடிக்கொண்டேன். “ம்.”

கனத்த சத்தம் அறை நிறைய வந்தது.

“கேக்குதா?”

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, கிட்டாரைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது. கேட்டது என்று தலையை ஆட்டித்தான் சொல்ல முடிந்தது.

அடுத்த வாரம் அவளே என்னைப் புதுக்கோட்டைக்கு, காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கீச்சென்ற சத்தம் மட்டும் இடது காதில் கொஞ்சம் குறைவாக விழுகிறதாம். இப்போதைக்கு மருந்து வேண்டாம், வருடா வருடம் வந்து காட்டுங்கள் என்றார். காட்டுகிறேன். போவதற்கு முந்தின நாள் சோறு இறங்குவதில்லை.