லைன் எத்தனை?

பள்ளிக்குப் புதிதாகப் பெட்டி ஏதாவது வந்து இறங்கினால் நான் இப்போதெல்லாம் பக்கத்தில் போவதில்லை. இளைய ஆசிரியர்கள் கூடி நின்று பிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன். எனக்குக் கணினி என்றாலே ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விளக்கம் சொல்ல அலுப்பாக இருக்கிறது.

கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்த ஆண்டு அது. ஒரு வாரம் பள்ளிக்கு வர வேண்டும், அடுத்த வாரம் வீட்டிலிருந்தே கணினியில் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. எங்களுடையது தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் சின்னத் தமிழ்ப்பள்ளி. மலையடிவாரத்து ஊரான தாப்பாவிலிருந்து ஒரு லோரி பத்து மடிக்கணினிகளோடு மேலே ஏறி வந்தது. பத்தை யார் யாருக்குக் கொடுப்பது என்று தலைமையாசிரியர் என்னிடம் விட்டார். எந்த வீட்டில் இணையம் கிடைக்கிறது என்று முதலில் கணக்கெடுக்கச் சொன்னார். இணையமே இல்லாத வீட்டுக்குக் கணினியைக் கொடுத்து என்ன செய்ய? அவர்களுக்குத் தாளில் பயிற்சி அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. நியாயமான யோசனைதான்.

கணக்கெடுக்க, பெற்றோர் நிரப்பித் தர வேண்டிய பாரம் ஒன்று மலாயில் இருந்தது. நீளமான சொற்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து யார் அதைப் படிக்கப் போகிறார்கள் என்று நானே தமிழில் ஒரு துண்டுத்தாள் தயாரித்தேன். பிள்ளையின் பெயர், எந்த ஆண்டு, லைன் எத்தனை. அவ்வளவுதான்.

நான் கிள்ளானில் வளர்ந்தவள். அங்கே கைப்பேசியில் பேச்சு அறுந்தால் லைன் இல்லை என்போம். கைப்பேசியின் மூலையில் தெரியும் கோடுகளும் எங்களுக்கு லைன்தான். நாலு கோடு நின்றால் அருமையான லைன். தோட்டத்தில் லைன் என்றால் வரிசை வீடுகள். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. எட்டு வருடமாகப் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் அந்தத் தோட்டத்துக்குள் கார் ஓட்டிப் போகிறவள் நான். ஆனால் அந்தத் துண்டுத்தாளை எழுதிய நேரத்தில் தெரிந்தது நினைவுக்கு வரவில்லை.

தாள்கள் இரண்டே நாளில் திரும்பி வந்தன. இவ்வளவு சீக்கிரம் எதுவும் வந்ததில்லை. ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. ஒன்று, மூன்று, இரண்டு, நாலு என்று எண்கள் பளிச்சென்று இருந்தன. நாலும் மூன்றும் எழுதியவர்களுக்குக் கணினி, மற்றவர்களுக்குத் தாள் என்று பிரித்தேன். பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான் மலாய்மொழி சொல்லிக் கொடுத்த ஆறாம் ஆண்டு வகுப்பில் நாலு என்று எழுதியிருந்தது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுப் பிள்ளை அமைதியான பெண். ஐந்தாம் ஆண்டில் மலாயில் தடுமாறியவள், அப்போதுதான் தேறி வந்துகொண்டிருந்தாள். ஆண்டின் முதல் வாரத்தில் அவள் அம்மா என்னைத் தேடி வந்து பேசியிருந்தார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் மலாய் போதாதவர்கள் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் நேராக முதல் படிவத்தில் உட்கார முடியாது. புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் கூடுதலாக இருக்க வேண்டும். ரிமூவ் கிளாஸ் என்பார்கள். மூத்த மகள் அந்த வகுப்பில்தான் மனம் விட்டுப்போய்ப் படிப்பை நிறுத்தினாளாம். இப்போது கியா பார்மில் ஸ்ட்ராபெரிகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"இவளாச்சும் நேரா ஃபார்ம் ஒன் போவணும் டீச்சர்," என்றார் அந்த அம்மா. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வை ரத்து செய்திருந்தார்கள். பாட ஆசிரியர் போடும் நிலைதான் முடிவு. அதாவது என் கையில்.

வீட்டிலிருந்து படிக்கும் வாரங்களில் அந்தப் பெண் திரையில் வரவே இல்லை. பயிற்சிகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணினியில் ஏற்றிக் கொடுத்திருந்தேன். செய்து இணையத்தில் அனுப்புவது மட்டும்தான் பாக்கி; கணினியைப் பள்ளிக்குத் தூக்கி வரக் கூடாது என்பது விதி. ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பொறுத்தேன். பிறகு பள்ளிக்கு வந்த வாரத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவளை எழுப்பி நிற்க வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் நிற்காது. கணினி கிடைக்காமல் தாளில் எழுதுகிறவர்கள்கூட ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், உனக்கு என்ன கேடு என்றேன். அவள் லைன் என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"உங்க வீட்டுக்கு லைன் நாலுதானே?"

"ஆமா டீச்சர். நாலுதான்."

"அப்புறம் என்ன?"

அவள் விழித்தாள். நாலாம் லைனில் இருப்பது என்ன குற்றம் என்று யோசித்திருப்பாள் பாவம். உட்கார் என்றேன். அதற்குப் பிறகு அவள் லைனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்கும் போன் செய்தேன். தான் வேலைக்குப் போகும்போது கணினி முன்னால் உட்காருகிறாள், திரும்பி வரும்போதும் அங்கேயேதான் இருக்கிறாள் என்றார். திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் படிப்பு வந்துவிடாது என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே பிடிப்பதில்லை.

மூன்றாம் நிலை இருந்தால் முதல் படிவம். நான் இரண்டு போட்டேன். கையில் வேலை எதுவும் வராத பிள்ளைக்கு வேறு எதைப் போடுவது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆண்டு முடிவில் கணினிகள் திரும்பி வந்தன. அடுத்த பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும். அவளுடையதைத் திறந்தேன். நான் ஏற்றிக் கொடுத்த பயிற்சிகள் ஒன்று விடாமல் செய்யப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மலாயில் ஒரு வரி. முதல் பயிற்சியில் இருந்தது இது: ஆசிரியருக்கு, நான்காம் லைனில் இணையம் இல்லை, நாளைக்கு மீண்டும் அனுப்பிப் பார்க்கிறேன். போகப் போக அந்த வரி நீண்டது. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கணினியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன், அங்கும் கிடைக்கவில்லை, தயவுசெய்து கோபிக்க வேண்டாம் என்று ஒன்றில் எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை தேடினேன். பழக்கதோஷம். ஒன்றும் இல்லை.

நான்காம் லைன் என்ற சொல்லிலேயே பார்வை நின்றது. பழைய ஃபைலை எடுத்து அந்தத் துண்டுத்தாள்களை மேசையில் பரப்பினேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒன்று என்று எழுதியவர்கள் எல்லோரும் சாலையோரத்து முதல் லைன், இணையம் நன்றாகக் கிடைக்கும் இடம். அவர்களுக்குத் தாள் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் லைன் மேட்டில் இருப்பதால் அங்கே ஏதோ கொஞ்சம் கிடைத்திருக்கிறது. நாலாம் லைன் பள்ளத்தில். தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

தலைமையாசிரியரிடம் ஒளிக்காமல் சொன்னேன். நல்ல மனிதர், திட்டவில்லை, இரண்டு பேருமாகக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் எழுதினோம். பட்டியல் முடிந்துவிட்டது, இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று ஒரே பத்தியில் பதில் வந்தது.

அன்று மத்தியானம் முதன்முதலாக நாலாம் லைனுக்கு நடந்து போனேன். எட்டு வருடத்தில் முதல் தடவை. பள்ளத்தில் இறங்கும்போதே என் கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, வீட்டு வாசலில் ஒன்றும் இல்லாமல் போயின. அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகள் உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் உட்காராமல் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னேன். எதற்காக லைன் எத்தனை என்று கேட்டேன் என்பதை இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. விளங்கியதும் அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ, நாந்தான் டீச்சர் தப்பா எழுதிட்டேன். புத்தி இல்லலா எனக்கு. மன்னிச்சுக்குங்க."

தப்பு என்னுடையது என்றேன். அவர் கேட்பதாக இல்லை. எனக்குத் தேநீர் போட எழுந்து போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெண் மட்டும் என் எதிரில் நின்றாள்.

"அப்போ நான் பாஸ்தானா டீச்சர்?"

"பாஸ்தாம்மா. நல்ல பாஸ்."

"அப்புறம் எதுக்கு டீச்சர் ரிமூவ் கிளாஸ்?"

ஒரே ஒரு வருடம்தான் என்றேன். ஓடிப்போய்விடும் என்றேன். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாய் தானாகப் பேசிக்கொண்டு போனது. அங்கேயும் இதே யூனிஃபார்ம்தான், பார்க்கிறவர்கள் யாருக்கும் நீ ரிமூவ் என்று தெரியாது என்று சொன்னேன்.

"எனக்குத் தெரியுமே டீச்சர்," என்றாள்.