வாளியில் போட்ட மண்கட்டி

தங்கச் சுரங்கத்தை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்ட வருடம், அதை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் குழாய் பதிக்க ஆளுயரப் பள்ளம் வெட்டினோம். சூப்பர்வைசரான நான் கடப்பாரையால் தட்டினேன், கணீரென்றது. கெட்டி மண், பக்கச்சுவருக்குப் பலகை முட்டு வேண்டாம் என்று வேலைக் குறிப்பில் எழுதிவிட்டேன்.

சுரங்கத்திலிருந்து எங்களிடம் வேலைக்கு வந்த அந்தோணி, ஒரு மண்கட்டியை வாளித் தண்ணீரில் போட்டார். "அடியில தண்ணி கசியுது சார். இது கரையுதான்னு பாத்துட்டு எறங்கலாம்."

"இன்னாய்யா, எனக்கே பாடமா?" எல்லோர் முன்னாலும் அவரை அறைந்துவிட்டு நானே குதித்தேன். சுவரை ஓங்கிக் குத்திக் காட்டினேன். அது மொத்தமாகச் சரிந்து என் விலா எலும்பை நொறுக்கியது. வாயெல்லாம் மண்ணும் ரத்தமும்.

நகம் பிய்யப் பிய்ய என்னைத் தோண்டியெடுத்தவர் அந்தோணி. அவர் கன்னத்தில் என் விரல்தடம் சிவந்திருந்தது. வாளியில் கட்டி இல்லை, சேறுதான்.

மண்ணைத் தண்ணீரில் போடாமல் இப்போது நான் எதுவும் எழுதுவதில்லை. அந்த அறைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.